கயிற்றின் மேல்முனையில் என் அண்ணன்

போன வாரம் ஷிஃபா கூப்பிட்டாள். ஷார்ஜாவில் பிறந்து வளர்ந்த பெண். நான் கடைசியாக வேலை பார்த்த தோஹா மியூசியத்தில் படங்களின் பதிவேடு இப்போது அவள் பொறுப்பில் இருக்கிறது. அங்கே புதிய சாஃப்ட்வேர் வந்திருக்கிறதாம்.

"ரங்கி ஆன்ட்டி, ஆர்ட்டிஸ்ட் பேர் போடற இடத்தை எம்ப்டியா விட்டா சேவ் ஆகவே மாட்டேங்குது. 'தெரியாதவர்'னு போட்டா உடனே ஏத்துக்குது. போட்டுடவா?" என்று கேட்டாள்.

போடாதே என்றேன். ஏன் என்றாள். அதைப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. பாதியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது, அந்தப் பெண்ணின் மேல் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் குறும்பர் இனத்துப் பெண். என்னைப் பற்றி வந்த பத்திரிகைச் செய்திகளில் பாதிக்கு மேல் 'காட்டிலிருந்து மியூசியத்துக்கு' என்றே தலைப்பு வைத்திருந்தார்கள். நான் காட்டிலிருந்து மியூசியத்துக்குப் போகவில்லை. கோத்தகிரியிலிருந்து கோயம்புத்தூருக்குப் பஸ்ஸில் போனேன். அங்கிருந்து விமானம் ஏறி, க்ளீனிங் கம்பெனி விசாவில் துபாயில் இறங்கினேன். என் கணவர் மாதன் மலைச்சாலையில் ஜீப் கவிழ்ந்து இறந்த வருடம் அது. மகனை அண்ணன் காளன் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன்.

துபாயில் சத்வா என்ற பகுதியில், ஒரு ரூமில் ஆறு பெண்கள் இருந்தோம். கம்பெனி வேன் காலையில் என்னை ஒரு மியூசியத்தில் இறக்கிவிடும், சாயங்காலம் ஏற்றிக்கொள்ளும். இரண்டு வருடம் தரை துடைத்தேன். ஒருநாள் ஸ்டோரில் துடைக்கும்போது, ஒரு தாள்படம் கண்ணாடிக்குள் லேசாக உப்பியிருப்பதைப் பார்த்துவிட்டு அங்கிருந்த ரெஜிஸ்ட்ராரிடம் சொன்னேன். ஏசி கோளாறு, ஈரம் ஏறியிருந்தது. அடுத்த மாதம் என்னைத் துடைப்பத்திலிருந்து எடுத்து ஸ்டோர் வேலைக்குப் போட்டார்கள். என் படிப்பு, பயிற்சி எல்லாம் அந்த ஸ்டோரில்தான்.

அந்த ரெஜிஸ்ட்ரார்தான் குணம் சார். யாழ்ப்பாணத்துக்காரர். மியூசியத்துக்குள் எந்தப் பொருள் வந்தாலும், போனாலும் அது எந்த நிலையில் இருந்தது என்று பதிகிறவர் ரெஜிஸ்ட்ரார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஸ்டோர் வாசலில் ஒரு தட்டு வைத்திருப்பார். மோதிரம், வளையல், வாட்ச், சட்டைப்பையில் இருக்கும் பேனா எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே பென்சில் மட்டும்தான். தவறிப்போய்ப் படத்தில் பட்டாலும் பென்சில் கோட்டை அழித்துவிடலாம், மையை அழிக்க முடியாது. தினமும் காலையில் மூன்று பென்சில் சீவி, கூர் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி அடுக்கி வைப்பார். டீயைக் காரிடாரில் நின்றுதான் குடிப்பார். ஒருமுறை ஸ்டோரில் என்னோடு வேலை பார்த்த நவாஸ் பாய் மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு வந்தபோது, "வாய்க்குள்ளயும் ஒண்டும் வேண்டாம்" என்று வெளியே அனுப்பிவிட்டார்.

பெட்டி வந்ததும் திறக்க விடமாட்டார். வெளியே ஆகஸ்ட் மாதத்துப் புழுக்கம், உள்ளே குளிர். உடனே திறந்தால் கண்ணாடியின் உள்பக்கம் பனி பிடிக்கும். ஒரு முழு நாள் பெட்டி சும்மா கிடக்க வேண்டும். மறுநாள் திருகாணிகளைக் கழற்றி, ஒரு பையில் போட்டு, மூடியிலேயே ஒட்டி வைக்க வேண்டும். எவ்வளவு சின்ன ஃப்ரேமாக இருந்தாலும் இரண்டு ஆள் கையுறை போட்டுத் தூக்க வேண்டும். மேசையில் வைத்து டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, மேடு, பள்ளம், கீறல், கறை எல்லாவற்றையும் தாளில் எழுத வேண்டும். அந்தத் தாளுக்குக் கண்டிஷன் ரிப்போர்ட் என்று பெயர். படம் எந்த ஊருக்குப் போனாலும் அந்தத் தாள் கூடவே போகும். போகும் இடத்து ரெஜிஸ்ட்ரார் அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

என்னை எழுத உட்கார வைத்த முதல் நாள் குணம் சார் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "பாத்ததை எழுதும். நினைச்சதை எழுதாதேயும்." எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் ஆட்களைப் பற்றி நினைத்ததை எழுதினவர்களையே அதுவரைக்கும் பார்த்திருந்தேன்.

மூன்று வருடம் கழித்து அந்தப் பெட்டி வந்தது.

'இந்தியப் பழங்குடிக் கலை' என்று ஒரு கண்காட்சி. நடத்துவதற்கு வெளிநாட்டிலிருந்து ஒரு கியூரேட்டர் அம்மையார் வந்திருந்தார். படங்கள் ஒரு தனியார் சேகரிப்பாளருடையவை, இரவலாக வந்தவை. திறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருந்தது. நானும் நவாஸ் பாயும் பெட்டியிலிருந்து ஒரு ஃப்ரேமைத் தூக்கி மேசையில் வைத்தோம். டார்ச்சைச் சாய்த்தேன்.

பாறை முகத்தில் ஒரு ஆள் கொடிக்கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார், கையில் புகைக்கட்டு, பக்கத்தில் மலைத்தேன் அடை. என் மாதன். நான் வரைந்த மாதன்.

டார்ச்சை அவர் முகத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். குணம் சார் பார்த்துவிட்டு, "டார்ச்சை வையும்" என்றார். வைத்தேன். இரண்டாவது ஃப்ரேமை எடுத்தோம். அதில் பாறை உச்சியில் ஒருவர் குத்துக்காலிட்டு, இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து இறுக்கி, தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். என் அண்ணன் காளன்.

சுவரில் ஒட்டுவதற்கான லேபிள்கள் தயாராக இருந்தன. முதல் படத்துக்கு: 'தேன் எடுப்பவன். பெயர் தெரியாத பழங்குடிக் கலைஞர்.' இரண்டாவதுக்கு: 'வழிபடும் மனிதன். பெயர் தெரியாத பழங்குடிக் கலைஞர்.'

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. என் அண்ணன் கும்பிட்டு நான் கண்டதில்லை. கோயில் திருவிழாவில்கூடக் கறி வெந்துவிட்டதா என்று பார்க்கப் போகிற ஆள். அவர் கும்பிடவில்லை, கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

எங்களில் தேனுக்கு இறங்குகிறவரின் கயிற்றை யார் வேண்டுமானாலும் பிடித்துவிட முடியாது. சொந்த அண்ணன் தம்பிகூடப் பிடிக்கக் கூடாது. மனைவியின் கூடப்பிறந்தவன்தான் பிடிப்பான். தன் தங்கை தாலி இழக்க எந்த அண்ணனும் கையை விடமாட்டான், அவ்வளவுதான் கணக்கு. என் அண்ணன் பிடித்த கயிறு ஒருநாளும் நழுவியதில்லை. மாதனை ஜீப்தான் கொன்றது.

அந்த இரண்டு தாளும் ஒரே படம். மேல் தாளில் பிடிக்கிறவர், கீழ்த் தாளில் இறங்குகிறவர். அவ்வளவு நீளத் தாள் என்னிடம் இல்லாததால் இரண்டு தாளில் வரைந்தேன். ஊட்டிக் கைவினைக் கடை ஏஜென்ட் வந்து சுருட்டி எடுத்துப்போனபோது, இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அது என் தப்புதான். எங்கள் ஆட்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. கயிற்றில் ஒரு ஆளைப் பார்த்தால், மேலே மச்சான் இருக்கிறான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாங்குகிறவனுக்குத் தெரியாது என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

அதற்கப்புறம் யாரோ இரண்டையும் தனித்தனியாக ஃப்ரேம் போட்டு, ஓரத்தில் அகலமாக அட்டை விளிம்பு வைத்துவிட்டார்கள். அண்ணன் கையிலிருந்து கீழே இறங்கும் கயிறு அந்த அட்டைக்குள் மறைந்துவிட்டது. கயிறு போனதும் அவர் பக்தர் ஆகிவிட்டார்.

"இது நான் வரைஞ்சதுங்க சார்," என்றேன்.

"பாத்ததை எழுதும்."

"பாத்ததைத்தானுங்க சொல்றேன். வரையறப்பப் பாத்தேன்."

அவர் கூராக இருந்த பென்சிலை எடுத்து இன்னொரு தடவை சீவினார். பிறகு எழுந்து போய்க் கியூரேட்டர் அம்மையாரை அழைத்து வந்தார்.

அந்த அம்மையார் கெட்டவர் இல்லை. என் தோளில் கை வைத்து, எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாக ஆங்கிலத்தில் பேசினார். உங்கள் சமூகத்தில் எல்லோருமே இந்தப் பாணியில்தான் வரைவார்கள், அதனால் உனக்கு உன்னுடையது போலத் தோன்றுகிறது, அது அழகான உணர்வு என்றார். நான் நேரில் நிற்கிறேன், என்னிடமே சொல்கிறார். ஃப்ரேமைத் திறந்து பாருங்கள் என்றேன். இரவல் ஒப்பந்தப்படி திறக்கக் கூடாது என்றார். சேகரிப்பாளருக்கு மெயில் போட்டார்கள். திறக்க வேண்டாம் என்று ஒரே வரியில் பதில் வந்தது. இரண்டு படத்தையும் எதிரெதிர்ச் சுவரில் மாட்டுவதுதான் அம்மையாரின் திட்டம். ஒரு சுவருக்கு 'உழைப்பு' என்று தலைப்பு, இன்னொன்றுக்கு 'நம்பிக்கை'.

மாட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

அரை மணியில் கட்டட மேனேஜர் வந்தார். "ரங்கி, கலாஸ், இதோட விடு. பெரிய ஆளுங்க விஷயம். வேலை முக்கியமா, பேர் முக்கியமா? கம்பெனிக்கு ஒரு போன் போட்டா உன் விசா என்ன ஆகும் தெரியும்ல?" என்றார். எனக்கு நன்றாகத் தெரியும். மகன் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். ஆனாலும் கையுறையை எடுக்கவில்லை.

மேனேஜர் நவாஸ் பாயிடம், "யல்லா, சீக்கிரம், நீ மாட்டு" என்றார். நவாஸ் பாய் ஃப்ரேமைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் கையுறையையும் கழற்றினார். "பாய், இந்த ஸ்டோர்ல ஒத்தை ஆள் ஃப்ரேம் தூக்கக் கூடாது. ரூல்" என்று இந்தியில் சொல்லிவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டார். பெஷாவர் பக்கத்து மனிதர். எனக்காக அவர் அப்படி உட்கார வேண்டிய அவசியமே இல்லை. அந்த நன்றிக்கடன் எனக்கு இன்னும் தீரவில்லை.

எல்லோரும் போன பிறகு குணம் சார் ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் என் முன்னால் வைத்தார்.

"ரங்கி, நீர் சொல்லுறதை நம்பவோ நம்பாமல் விடவோ எனக்கு அதிகாரம் இல்லை. ஆனா ஃப்ரேமுக்குள்ள என்ன இருக்கு எண்டு உமக்குத் தெரியுமெண்டால், திறக்க முந்தி எழுதித் தாரும். நான் உறையில போட்டு ஒட்டி, ரிப்போர்ட்டோட சேர்க்கிறன். அதுக்கு எனக்கு அதிகாரம் இருக்கு."

"யாருங்க சார் திறந்து பாப்பாங்க?"

"எண்டைக்கோ ஒரு நாள் திறக்கத்தான் வேணும். அட்டை பழசாகும். நீர் எழுதின தாள் அப்பிடியே இருக்கும்."

எழுதினேன். மேல் தாளின் கீழ்விளிம்பில் கயிறு வெட்டுப்படாமல் கடைசி வரை வருகிறது. கீழ்த் தாளின் மேல்விளிம்பில் அதே கயிறு தொடங்குகிறது, சேர்த்து வைத்தால் பொருந்தும். இரண்டு தாளின் பின்பக்கமும் அங்கன்வாடியில் குழந்தைகளின் எடை பார்க்கும் சார்ட். டீச்சர் பழையதைக் கொடுத்தார், நான் வெள்ளைப் பக்கத்தில் வரைந்தேன். கீழ்த் தாளின் பின்பக்கம், இடது மூலையில், வேங்கைப் பாலில் மூன்று கட்டைவிரல் ரேகை.

வேங்கை மரத்துப் பால் எங்கள் சிவப்பு. அதைக் காய்ச்சிப் பதம் பார்க்க விரலால் தொட்டுப் பின்பக்கம் அழுத்துவேன். ரேகை தெளிவாக விழுந்தால் பதம் சரி. அன்றைக்கு முதல் தடவை கொழகொழவென்று அப்பியது, இரண்டாவது பாதி விழுந்தது, மூன்றாவது சுத்தமாக விழுந்தது. என் வலது கட்டைவிரலில் அரிவாள் பட்ட தழும்பு குறுக்கே ஓடுகிறது. மூன்றாவதில் அந்தத் தழும்பும் இருக்கும்.

குணம் சார் வாசித்துவிட்டு உறையில் போட்டு ஒட்டினார். ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டார். ரிப்போர்ட்டில், 'உறை ஒன்று, திறக்கப்படவில்லை, ஃப்ரேம் திறக்கப்படும்போது திறக்க வேண்டியது' என்று எழுதினார்.

பிறகு கையுறையை என் பக்கம் தள்ளினார். எனக்கு அழுகை வந்தது.

"இந்த நாட்டுக்குள்ள வரப் பத்து விரலையும் வச்சுக் குடுத்தேனுங்க சார். ஏர்போர்ட்ல என் ரேகையை நம்புறாங்க. இங்க மட்டும் நம்ப மாட்டாங்களா?"

"நம்பத்தான் வைக்கப் போறம். நீர் வேலையில இருந்தால்தான் வைக்கலாம்," என்றார்.

மாட்டினேன். நானும் நவாஸ் பாயும் என் புருஷனை ஒரு சுவரிலும் என் அண்ணனை எதிர்ச் சுவரிலும் மட்டம் பார்த்து மாட்டினோம். என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளில் அதை மட்டும் நினைக்கப் பிடிக்காது. அண்ணனுக்கு ரகசியமாகப் போட்டோ அனுப்பினேன். "நான் சாமி கும்பிடறனாமா?" என்று வாய்ஸ் மெசேஜில் கேட்டுவிட்டு, வெகுநேரம் சிரித்தார். பிறகு, "அப்ப மாதனை ஆரு புடிக்கிறது?" என்று கேட்டார்.

அந்த மாதமே சத்வா ரூமில் மறுபடி வரையத் தொடங்கினேன். லீவில் போனபோது வேங்கைப் பாலை ஊறுகாய்ப் பாட்டிலில் கொண்டுவந்தேன். ஏர்போர்ட்டில் அதை மோந்து பார்த்து, மருந்தா என்று கேட்டார்கள். பெயின்ட் என்றேன். ஒரு ஆபீசர் தன் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, கழுவக் கழுவக் கறை போகாததால் முறைத்தார். உடைந்த பெட்டிகளின் பிளைவுட்தான் எனக்குப் பலகை. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயர், ஊர், இனம் எழுதினேன், மூன்று மொழியில். முதலில் ஒரு சின்ன கேலரியில் நான்கு படம் வைத்தார்கள். பிறகு பெரிய இடங்களில் வைத்தார்கள். அதற்கப்புறம்தான் தோஹாவில் உதவிக் கியூரேட்டர் வேலை வந்தது. சில வருடங்களில் 'உதவி' போனது. டிகிரி இல்லாத கியூரேட்டர் என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டேன். என் கண்காட்சி எதிலும் பெயர் இல்லாமல் ஒரு படம்கூடச் சுவர் ஏறவில்லை. தொழிலாளர் கேம்ப்பில் கட்டில் பலகையில் வரைந்தவரை மூன்று பஸ் மாறிப் போய்த் தேடிப் பிடித்துப் பெயர் கேட்டிருக்கிறேன்.

கியூரேட்டர் ஆனதும் நான் இரவல் கேட்ட முதல் படங்கள் அந்த இரண்டும்தான். சேகரிப்பாளர் சந்தோஷமாக அனுப்பினார். அவருக்கு நான் யாரென்று தெரியாது.

பெட்டியோடு ரிப்போர்ட் கட்டும் வந்தது. அந்தப் படங்கள் நடுவில் இரண்டு நாடுகளுக்குப் போய் வந்திருந்தன. அடித்தாளில் குணம் சாரின் பென்சில் எழுத்து மங்காமல் இருந்தது. அதன் கீழே முன்பின் தெரியாத இரண்டு ரெஜிஸ்ட்ரார்கள், 'உறை உள்ளது, திறக்கப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். யாரும் அதைத் தூக்கிப் போடவில்லை. அவர்கள் வேலையை அவர்கள் சரியாகச் செய்திருந்தார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

குணம் சார் சொன்னபடியே அட்டை பழசாகிப் பழுப்பேறி, தாளின் ஓரத்தையும் அரிக்கத் தொடங்கியிருந்தது. படத்தைக் காப்பாற்ற ஃப்ரேமைத் திறந்தே ஆக வேண்டும் என்று எழுதினேன், அது உண்மையும்கூட. இந்த முறை சேகரிப்பாளர் சம்மதித்து, பார்வையிடத் தன் பிரதிநிதியை அனுப்பினார். அவர் முன்னால் முதலில் உறையைப் பிரித்து, தமிழில் இருந்ததை வாசித்து ஆங்கிலத்தில் சொன்னோம். அதற்குப் பிறகு ஃப்ரேமைத் திறந்தோம்.

இரண்டு தாளையும் மேலும் கீழும் சேர்த்து வைத்தேன். கயிறு கயிற்றோடு பொருந்தியது. திருப்பினேன். எடை சார்ட், மூன்று ரேகை. மூன்றாவதில் குறுக்கே தழும்பு. பென்சில் கரியைக் கட்டைவிரலில் தேய்த்து வெள்ளைத்தாளில் அழுத்தி அதன் பக்கத்தில் வைத்தேன். பிரதிநிதி குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

யாழ்ப்பாணத்தில் ஓய்வில் இருந்த குணம் சாருக்குப் போன் போட்டேன். "எல்லாம் எழுதினபடி இருந்ததே?" என்று கேட்டார். இருந்தது என்றேன். "நல்லது. புது ரிப்போர்ட் எழுதும்போது பென்சிலால எழுதும்," என்று வைத்துவிட்டார்.

இரண்டு தாளுக்கும் சேர்த்து ஒரே ஃப்ரேமாகத் தோஹா தொழில்பேட்டையில் ஒரு தச்சரிடம் செய்தேன். "இது ஃப்ரேமா, இல்லை வாசக்காலா, அக்கா?" என்று கேட்டுக்கொண்டே செய்து தந்தார். லேபிளை நானே எழுதினேன். 'மாதன் இறங்குகிறார், மச்சான் காளன் பிடிக்கிறார். வரைந்தவர்: ரங்கி, மாதனின் மனைவி, காளனின் தங்கை. குறும்பர், நீலகிரி.' அண்ணனுக்கு வீடியோவில் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "இத்தனை வருசம் கீழ ஆள் இல்லாமயே புடிச்சிட்டு இருந்திருக்கேன் பாரு," என்றார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

திறப்பு விழாவுக்குச் சேகரிப்பாளரே வந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவ்வளவு நாள் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். ஸ்டோரில் இருந்தேன் என்றேன். பிறகு உதவியாளரிடமிருந்து ஒரு பேனாவை வாங்கி என்னிடம் நீட்டினார். படத்தின் முன்பக்கம், வலது மூலையில், ஒரு கையெழுத்து வேண்டுமாம். சுற்றி எல்லோரும் கேமராவைத் தூக்கினார்கள்.

பேனாவைப் பார்த்தவுடனேயே குணம் சார் ஞாபகம் வந்துவிட்டது.

"வேண்டாங்க," என்றேன். "கையெழுத்து ஏற்கெனவே போட்டிருக்கேன். பின்னாடி மூணு இருக்கு. நீங்க வாங்கின அன்னைக்கே இருந்தது."

அவர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஷிஃபா, இதுதான் காரணம். அந்தக் கட்டத்தில் 'தெரியாதவர்' என்று போடாதே. அவர் யாரென்று அவருக்குத் தெரியும், அவர் வீட்டுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும். 'நாங்கள் இன்னும் கேட்கவில்லை' என்று போடு. சாஃப்ட்வேர் அதையும் ஏற்றுக்கொள்ளவில்லை என்றால், தாளை எடுத்துப் பென்சிலால் எழுதிப் படத்தோடு சேர்த்து அனுப்பு. யாராவது கூப்பிட்டு இதை யார் எழுதச் சொன்னது என்று கேட்டால், என் பெயரைச் சொல்.